ஆறு டெசிபலும் ஒரு மீட்டர் கேபிளும்

ரெண்டு வாரமா பதிவுப் பக்கம் தலைகாட்ட முடியலை மக்களே. ஆணி அதிகம். இங்கிலாந்துக்கு வந்து படிக்கிறதே ஒரு வருஷப் படிப்பு. அதுல பிராஜெக்ட் அறிக்கை கொடுக்க ஒன்பது நாள் இருக்கும்போது, நான் செஞ்ச பெட்டி டெஸ்ட்ல ஊத்திக்கிச்சு.

பெட்டி பெருசா ஒண்ணுமில்லை. பசுமைக்குடில்ல மண்ணோட ஈரத்தை அளக்கிற கருவி. பெட்டியிலிருந்து ஒரு மீட்டர் கேபிள், அதன் முனையில சென்சார். இதுக்கும் ரேடியோ அலைக்கும் என்ன சம்பந்தம்னுதான் நானும் நினைச்சேன். ஆனா உள்ளே 24 மெகாஹெர்ட்ஸ்ல ஒரு கிளாக் துடிக்குது. அது சதுர அலை. அதனால 72, 120, 168னு ஒற்றைப்படை மடங்குகளிலும் சக்தி இருக்கும். ஏதாவது ஒரு கம்பி ஆண்டெனா வேலை பார்த்தா போதும், அது வெளியே கிளம்பிடும்.

கிளம்பினா என்ன கெட்டுப்போச்சு? வேல்ஸ்ல அபர்ஹோசான்னு ஒரு குக்கிராமம். தினமும் காலை ஏழு மணிக்கு ஊர் முழுக்க பிராட்பேண்ட் படுத்துடும். பதினெட்டு மாசம் இதே கதை. கேபிளை மாத்தியும் சரியாகலை. கடைசியில ஓப்பன்ரீச் பொறியாளர்கள் ஸ்பெக்ட்ரம் அனலைசரைத் தூக்கிக்கிட்டு கொட்டுற மழையில ஊரைச் சுத்தினாங்க. ஒரு வீட்டுல காலையில போடுற பழைய டிவிதான் வில்லன்! 2020ல செய்தியில வந்த விஷயம் இது. விவரம் தெரிஞ்சதும் அந்த வீட்டுக்காரங்க வெக்கப்பட்டுப் போய், இனி அதைப் போடவே மாட்டோம்னு சொல்லிட்டாங்க.

அந்த மாதிரி நடக்கக்கூடாதுன்னுதான் இந்த டெஸ்ட். அளக்கிற இடம் அனெகோயிக் சேம்பர். சுவரெல்லாம் கரி கலந்த கூம்புகள், அலையை உறிஞ்சிடும். தரை மட்டும் உலோகம். பெட்டியை 80 செ.மீ உயர மர மேசையில வெச்சு, சுழலும் மேடையில முழு வட்டம் திருப்பணும். 3 மீட்டர் தள்ளி ஆண்டெனா. அதை 1 மீட்டர்லேர்ந்து 4 மீட்டர் வரை ஏத்தி இறக்கணும். ஏன்னா நேரா வர்ற அலையும் தரையில பட்டு வர்ற அலையும் ஒரு உயரத்துல ஒண்ணையொண்ணு அடிச்சுக்கும், இன்னொரு உயரத்துல கைகோத்துக்கும். அப்புறம் ஆண்டெனாவைக் கிடையா ஒரு தடவை, நெட்டா ஒரு தடவை.

இதுல எனக்குப் பிடிச்சது குவாசி-பீக்னு ஒரு டிடெக்டர். 1934ல தொடங்கின சிஸ்பர் அமைப்பு கொண்டுவந்த விதிகள்ல வர்றது. ரேடியோ கேக்கிறவருக்கு எப்பவோ ஒரு 'டிக்' சத்தம் பெரிய தொந்தரவு இல்லை. விடாம வந்தாத்தான் எரிச்சல். அந்த எரிச்சலை அளக்கிற மாதிரி, 1 மில்லி செகண்டுல ஏறி 550 மில்லி செகண்டுல இறங்குற சர்க்யூட். இது மெதுவா வேலை செய்யும். அதனால முதல்ல வேகமா ஒரு பீக் ஸ்கேன், அப்புறம் சந்தேகக் கேஸ்களை மட்டும் இதுல விசாரணை.

வீட்டுல புழங்குற பி வகுப்புக் கருவிக்கு, 30லேர்ந்து 230 மெகாஹெர்ட்ஸ் வரை, 3 மீட்டர்ல எல்லை 40 டெசிபல் மைக்ரோவோல்ட்/மீட்டர். அதாவது மீட்டருக்கு 100 மைக்ரோவோல்ட். என் பெட்டி 168ல 46 காட்டுச்சு. ஆறு டெசிபல்னா புலம் ரெண்டு மடங்கு.

கேபிளைச் சுருட்டி மேசைக்குள்ள ஒளிச்சு வெச்சுப் பார்த்தேன். 38! பாஸ்! உடனே ஸ்கிரீன்ஷாட் எடுத்தேன். பின்னாடி நின்னுக்கிட்டிருந்த லேப் டெக்னீசியன், அறுபதைத் தாண்டினவர், சிரிக்கவே இல்லை. "தோட்டக்காரர் கேபிளைச் சுருட்டி வெச்சுப்பாரா, நீட்டி விடுவாரா?"ன்னு மட்டும் கேட்டார். மேடையைத் திருப்புறதும் ஆண்டெனாவை ஏத்தி இறக்குறதும் மோசமான எண்ணைத் தேடிப் பிடிக்கத்தான். நான் அதுலேர்ந்து தப்பிக்க வழி தேடிக்கிட்டிருக்கேன். முகம் சுருங்கிப் போச்சு. ஸ்கிரீன்ஷாட்டை அழிச்சேன்.

அடுத்த நாலு நாள் வேட்டை. 50 மெகாஹெர்ட்ஸ்ல ஒரு மீட்டர் கேபிள்ல வெறும் 5 மைக்ரோஆம்பியர் காமன் மோட் கரண்ட் ஓடினாலே 3 மீட்டர்ல எல்லையைத் தொட்டுடும். ஃபெரைட் மாட்டினேன், ஒரு டெசிபல்தான் குறைஞ்சுது. கடைசியில பிடிபட்டது கேபிள் ஷீல்டு. நான் அதை முறுக்கி, 5 செ.மீ ஒல்லிக் கம்பியா போர்டுல பத்தவெச்சிருந்தேன். மீட்டர் வெச்சுப் பார்த்தா பூஜ்யம் ஓம்தான். ஆனா அது சுமார் 50 நானோஹென்றி. 168 மெகாஹெர்ட்ஸ்ல 50 ஓமுக்கும் மேல! தரையில இணைச்சதா நான் நினைச்சிருந்த ஷீல்டு அந்தரத்துல தொங்கிக்கிட்டிருந்தது.

கம்பியை வெட்டிட்டு, ஷீல்டைச் சுத்திலும் உலோகப் பெட்டியில இறுக்கிப் பிடிக்கிற கனெக்டர் போட்டேன். கேபிளை நல்லா நீட்டி விட்டு அளந்தேன். 35.

அறிக்கையில அந்த 46ஐயும் போட்டிருக்கேன், கேபிள் எப்படிக் கிடந்ததுன்னு படத்தோட. மார்க் குறைஞ்சா குறையட்டும்.

உங்க வீட்டுல மீடியம் வேவ் வர்ற பழைய ரேடியோ இருந்தா, ஸ்டேஷன் இல்லாத இடத்துல வெச்சு, எல்ஈடி பல்பு, மொபைல் சார்ஜர் பக்கத்துல கொண்டுபோய்ப் பாருங்க. எது உர்ருன்னு கத்துதுன்னு வந்து சொல்லுங்க.