திடீர்த் தேர்தலும் இடாப்பில் இல்லாத பெயர்களும்: 1952இல் பதுளைத் தோட்டங்களுக்கு நடந்தது என்ன?

2024 நவம்பர் 14ஆம் திகதி நடைபெற்ற நாடாளுமன்றத் தேர்தலில் பதுளை மாவட்டத்தின் 9 ஆசனங்களில் 6 ஆசனங்களைத் தேசிய மக்கள் சக்தி கைப்பற்றியது. தெரிவான அந்த ஆறு பேரில் அம்பிகா சாமுவேல், கிட்ணன் செல்வராஜ் ஆகிய இருவர் மலையகத் தமிழர்கள். அதே தேர்தலில் நுவரெலியாவிலிருந்து கலைச்செல்வியும் தெரிவானார். மலையகப் பெண்கள் மக்கள் வாக்கினால் நாடாளுமன்றம் சென்றது அதுவே முதற்தடவை.

அது உரிய காலத்துக்கு முன்பே நடத்தப்பட்ட தேர்தல். செப்டெம்பர் 24ஆம் திகதி நாடாளுமன்றம் கலைக்கப்பட்டு ஐம்பத்தொரு நாட்களில் வாக்களிப்பு முடிந்துவிட்டது. அதற்கு 72 ஆண்டுகளுக்கு முன்பு இதே பதுளை இன்னொரு திடீர்த் தேர்தலைச் சந்தித்தது. அன்று ஊவாவின் தேயிலைத் தோட்டங்களில் வாழ்ந்த மக்களில் மிகப் பெரும்பான்மையினருக்கு வாக்களிக்கும் உரிமையே இருக்கவில்லை. ஐந்து ஆண்டுகளுக்கு முன் வாக்களித்து, தங்கள் பிரதிநிதியைத் தெரிவுசெய்து அனுப்பிய அதே மக்கள் அவர்கள். இடையில் என்ன நடந்தது?

1947: இரண்டு உறுப்பினர் தொகுதி

சோல்பரி அரசியலமைப்பின் கீழ் நடந்த முதலாவது பொதுத்தேர்தலில் 95 ஆசனங்களுக்குப் போட்டி நடந்தது. பெரும்பாலான தொகுதிகள் ஒரு உறுப்பினரை மட்டும் தெரிவுசெய்தன. பல இன மக்கள் கலந்து வாழும் சில இடங்கள் பல அங்கத்தவர் தொகுதிகளாக அமைக்கப்பட்டன. பதுளை அவற்றில் ஒன்று. அங்கிருந்து இலங்கை இந்தியக் காங்கிரஸின் எஸ். எம். சுப்பையா நாடாளுமன்றம் சென்றார். தொண்டமான், கே. இராஜலிங்கம், சி. வி. வேலுப்பிள்ளை உள்ளிட்ட ஏனையோர் மலையகத்தின் மற்றத் தொகுதிகளிலிருந்து வந்தனர். இன்னும் பல தொகுதிகளில் தோட்டத் தொழிலாளரின் வாக்கு இடதுசாரி வேட்பாளர்களுக்குக் கைகொடுத்தது.

டி. எஸ். சேனநாயக்கவின் ஐக்கிய தேசியக் கட்சிக்கு அந்தத் தேர்தலில் கிடைத்தவை 42 ஆசனங்கள் மட்டுமே. தனிப் பெரும்பான்மை கிடைக்கவில்லை. தோட்ட வாக்குகளின் பலத்தை ஆளும் தரப்பு அன்றே அளந்துகொண்டது.

மூன்று சட்டங்கள்

தொழிலாளரின் வாக்கைப் பறிக்கும் நோக்கம் தங்களுக்கு இருந்ததாக எந்தச் சட்டமும் சொல்லவில்லை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் பரம்பரைச் சான்று கேட்டது. இலங்கையில் பிறந்திருந்தால் மட்டும் போதாது. தந்தை இலங்கையில் பிறந்திருக்க வேண்டும், அல்லது தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கு பிறந்திருக்க வேண்டும். லயன் அறைகளில் பிறந்து, பிறப்புப் பதிவே இல்லாமல் வளர்ந்த ஒரு தலைமுறையிடம், அவர்களது தகப்பன்மாரின் பிறப்புக்குச் சான்று கேட்கப்பட்டது.

1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்க இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் சட்டம் விண்ணப்பித்துப் பிரஜாவுரிமை பெறும் வழியைத் திறந்தது. திருமணமானவர் 1946 ஜனவரி 1ஆம் திகதிக்கு முன் ஏழு ஆண்டுகளும், திருமணமாகாதவர் பத்து ஆண்டுகளும் தொடர்ச்சியாக இலங்கையில் வாழ்ந்ததை நிரூபிக்க வேண்டும். அதே ஆண்டின் 48ஆம் இலக்கச் சட்டம், பிரஜைகள் மாத்திரமே வாக்காளர் இடாப்பில் இடம்பெறலாம் என்றது. இந்த மூன்றாவது சட்டத்துடன் வழி அடைபட்டது.

வடக்கு அரசியலும் இந்தச் சட்டங்களால் பிளவுபட்டது. 1948இல் அரசாங்கத்தில் இணைந்த ஜி. ஜி. பொன்னம்பலம் வதிவாளர் சட்டத்துக்கு ஆதரவாக வாக்களித்தார். எஸ். ஜே. வி. செல்வநாயகம் எதிர்த்து நின்று, பின்னர் தமிழரசுக் கட்சியை அமைத்தார்.

1952: நேரம் இல்லை

வதிவாளர் சட்டத்தின் கீழ் விண்ணப்பிக்கும் கால எல்லை 1951 ஆகஸ்ட் 5ஆம் திகதியுடன் முடிந்தது. ஏறத்தாழ 2 இலட்சத்து 37 ஆயிரம் விண்ணப்பங்கள் வந்திருந்தன. குடும்பத்தினரையும் சேர்த்தால் 8 இலட்சத்துக்கு மேற்பட்டோர். அவற்றில் பெரும்பாலானவை விசாரணைக்காகக் காத்திருந்தன.

அந்த நிலையில் 1952 மார்ச் 22ஆம் திகதி டி. எஸ். சேனநாயக்க காலமானார். அவரது மகன் டட்லி பிரதமரானார். மக்களிடம் புதிய ஆணை பெறுவதாகக் கூறி ஏப்ரலில் நாடாளுமன்றத்தைக் கலைத்தார். மே 24 முதல் 30 வரை வாக்களிப்பு நடந்தது. தகப்பனார் இறந்து இரண்டு மாதங்கள் கடக்கையில் தேர்தலே முடிந்துவிட்டது.

வாக்குரிமை பறிக்கப்பட்டதை எதிர்த்து இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏப்ரல் இறுதியில் பிரதமர் அலுவலகத்தின் முன் சத்தியாக்கிரகம் தொடங்கியது. அது மாதக்கணக்கில் நீடித்தது. தேர்தல் அதற்காக நிற்கவில்லை. ஐக்கிய தேசியக் கட்சி 54 ஆசனங்களைப் பெற்றது. இலங்கை இந்தியக் காங்கிரஸின் சார்பில் ஒருவர்கூடத் தெரிவாகவில்லை. பதுளையும் தன் தமிழ்ப் பிரதிநிதியை இழந்தது. மலையகத்துக்காகக் குரல் கொடுத்த செல்வநாயகமும் அதே தேர்தலில் காங்கேசன்துறையில் ஐக்கிய தேசியக் கட்சியின் எஸ். நடேசனிடம் தோற்றார்.

இதில் இன்னொரு கணக்கும் உண்டு. தொகுதிகள் பிரிக்கப்பட்டது மக்கள்தொகையையும் நிலப்பரப்பையும் கொண்டு. தோட்ட மக்களின் தலைகளையும் எண்ணித்தான் மலைநாட்டுக்கு அத்தனை ஆசனங்கள் கிடைத்தன. ஆசனங்களைக் கணக்கிடும்போது அவர்கள் ஆட்கள். வாக்களிக்கும்போது அவர்கள் இல்லாதவர்கள். அவர்களால் உருவான ஆசனங்களை மற்றவர்களின் வாக்கு நிரப்பியது.

ஆபிரிக்காவில் இதே கதை

இது இலங்கைக்கு மட்டும் உரிய தந்திரம் அல்ல. இன்றைய சிம்பாப்வே அப்போது தென் ரொடீசியா என்ற பெயரில், 1923 முதல் சுயாட்சி பெற்ற பிரித்தானியக் குடியேற்றமாக இருந்தது. அங்கு பிரதமர் கொட்ஃப்ரி ஹக்கின்ஸ் 1934இல் ஒரு திடீர்த் தேர்தலை நடத்தி 30 ஆசனங்களில் 24ஐ வென்றார். சிறுபான்மை அரசாங்கம் நடத்திவந்த அவர், 1948 செப்டெம்பரில் மீண்டும் திடீர்த் தேர்தலுக்குப் போய், மீண்டும் 24 ஆசனங்களைப் பெற்றார்.

அந்நாட்டின் தேர்தல் சட்டத்தில் கறுப்பர், வெள்ளையர் என்ற சொற்கள் வாக்காளர் தகைமையாக எழுதப்படவில்லை. குறிப்பிட்ட வருமானம் அல்லது சொத்து, ஆங்கிலத்தில் படிவம் நிரப்பும் அறிவு ஆகியவையே கேட்கப்பட்டன. நிலம் பறிக்கப்பட்டு, சொற்பக் கூலிக்கு வேலை செய்த ஆபிரிக்கர்களில் மிகச் சிலரே அந்தப் படியைத் தாண்டினர். 1951இல் வருமான வரம்பு இன்னும் உயர்த்தப்பட்டது. அங்கு வருமானச் சான்று, இங்கு பாட்டனின் பிறப்புச் சான்று. இரண்டும் எல்லோருக்கும் பொதுவான விதிகளாகவே எழுதப்பட்டன. வெளியே நிறுத்தப்பட்டது ஒரு குறிப்பிட்ட மக்கள்.

நீதிமன்றங்களும் எழுத்தையே பார்த்தன. ருவன்வெல்ல தொகுதியின் வாக்காளர் இடாப்பு தொடர்பாக எழுந்த கோடக்கன் பிள்ளை வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்றது. தன் பிரஜைகள் யார் என்று தீர்மானிப்பது ஒரு நாட்டின் உரிமை என்று கூறி, 1953இல் அந்த மேன்முறையீடு தள்ளுபடி செய்யப்பட்டது.

வன்னிக்கும் இது தெரிந்த கதை

விண்ணப்பித்த 8 இலட்சத்துக்கு மேற்பட்டோரில் அச்சட்டத்தின் கீழ் இறுதியில் பிரஜாவுரிமை பெற்றவர்கள் சுமார் 1 இலட்சத்து 34 ஆயிரம் பேரே. 1964இல் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் எஞ்சியோரைப் பங்குபோட்டது: 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 இலட்சம் பேர் இலங்கைக்கு. 1977இல்தான் தொண்டமான் மீண்டும் மக்கள் வாக்கினால் நாடாளுமன்றம் சென்றார். நாடற்றோர் பிரச்சினையைத் தீர்க்க 1988இலும் 2003இலும் மேலும் சட்டங்கள் தேவைப்பட்டன.

1977, 1983 வன்செயல்களில் மலையகத்தை விட்டு ஓடிய குடும்பங்கள் வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் குடியேறின. 2001 டிசெம்பர் 5ஆம் திகதியும் ஒரு திடீர்த் தேர்தல் நடந்தது. புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிகளில் இருந்தவர்கள் வாக்களிக்க வரவிருந்த பாதைகளை இராணுவம் மூடியது. வன்னியிலும் மட்டக்களப்பிலும் பெருந்தொகையான மக்கள் சோதனைச் சாவடிகளோடு திரும்பினர். அது அடிப்படை உரிமை மீறல் என்று உயர் நீதிமன்றம் 2003இல் தீர்ப்பளித்தது. ஆனால் அந்தத் தேர்தலின் முடிவு மாறவில்லை. 1952இல் பெயர் இடாப்பில் இல்லை. 2001இல் பெயர் இருந்தும் பாதை இல்லை.

இன்று கவனிக்க வேண்டியது

இன்றைய சட்டப்படி நாடாளுமன்றம் கலைக்கப்பட்ட பத்தாம் நாளில் வேட்புமனு ஏற்கத் தொடங்கிப் பதினேழாம் நாளில் முடிப்பார்கள். அதன்பின் ஐந்து முதல் ஏழு வாரங்களுக்குள் வாக்களிப்பு. இந்தக் கால இடைவெளி கட்சிகள் சுவரொட்டி அடிக்கப் போதும். காணாமல் போன பிறப்புச் சான்றிதழை எடுத்து, அடையாள அட்டைக்கு விண்ணப்பித்து, இடாப்பில் பெயர் சேர்க்கும் ஒரு குடும்பத்துக்குப் போதாது. தேர்தலுக்குப் பயன்படுவது ஏற்கெனவே அத்தாட்சிப்படுத்தப்பட்ட இடாப்புத்தான்.

தனி முகவரி இல்லாத லயன் வீடுகளுக்கு வரும் கடிதங்கள் இன்றும் பல தோட்டங்களில் தோட்ட அலுவலகத்துக்கே வந்து சேர்கின்றன. கொழும்புக்கு வேலைக்குப் போன பிள்ளையின் பெயர் எங்கே பதிவாகியிருக்கிறது என்று பெற்றோருக்குத் தெரிவதில்லை. வடக்கில் இடம்பெயர்ந்து, மீளக் குடியமர்ந்து, ஆவணங்களைத் தொலைத்த குடும்பங்களின் நிலையும் இதுவே. ஆகவே கிராம உத்தியோகத்தரிடம் இடாப்பைப் பார்க்க வேண்டிய காலம், ஆண்டுதோறும் அது திருத்தப்படும் காலம். தேர்தல் அறிவிப்பு வந்தபின் சரிபார்க்கலாம்; சேர்க்க முடியாது.

பதுளையிலிருந்து 2024இல் இரண்டு மலையகத் தமிழர்கள் நாடாளுமன்றம் சென்றதற்கு அந்த ஐம்பத்தொரு நாட்களில் செய்த பிரசாரம் ஒரு காரணம். அதற்கு முன்பே அவர்களுக்கு வாக்களித்தவர்களின் பெயர்கள் இடாப்பில் இருந்தன. 1952இல் இல்லாமற்போனது அதுதான்.