“போனஸ் வந்திருக்கு சார்!” – ஒரு டுபாக்கூர் அழைப்பின் ஒப்பனை அறையில்

உஷ்... செருப்பைக் கழற்றிவிட்டு, சத்தம் போடாமல் பின்வாசல் வழியாக வாருங்கள். இன்று நாம் எட்டிப் பார்க்கப் போவது ஒரு நாடகக் கொட்டகையை. மேடை உங்கள் கைபேசி. கதாநாயகன் நீங்கள். டிக்கெட் பணத்தை மட்டும் கடைசியில் வசூலிப்பார்கள், சமயத்தில் லட்சக்கணக்கில்!

டெல்லி, நொய்டா, காசியாபாத் பக்கம் போலீஸ் ரெய்டு போன போலி கால் சென்டர் செய்திகளைப் படித்து வருபவர்களுக்கு இந்தக் கொட்டகையின் உள்கட்டு மனப்பாடமாகியிருக்கும். வாடகைக்கு எடுத்த ஃப்ளாட், நாலைந்து மேஜை, பட்டன் போன்கள், யார் யார் பெயரிலோ வாங்கிய சிம் கார்டுகள், பிரிண்ட் எடுத்த பெயர்ப் பட்டியல், வசனம் எழுதிய தாள். முதலீடு அவ்வளவுதான். சிக்கியவர்களில் சிலர் முன்பு நிஜ இன்சூரன்ஸ் டெலிகாலிங்கில் குப்பை கொட்டியவர்கள். சரண்டர் வேல்யூ, ரிவைவல் எல்லாம் அவர்களுக்குத் தண்ணீர் பட்ட பாடு.

அந்தப் பட்டியலைக் கொஞ்சம் கையில் எடுத்துப் பாருங்களேன்! பெயர், போன் நம்பர், பாலிசி எண், கட்டிய பிரீமியம், எந்த வருஷம் கட்டாமல் நின்றது, நாமினி யார் – எல்லாம் வரிசையாக இருக்கும். எங்கிருந்து வந்தது? உள்ளே வேலை பார்த்தவர் கையோடு எடுத்துப் போனது, டேட்டா வியாபாரி விற்றது, இணையத்தில் கசிந்தது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸ்டார் ஹெல்த் வாடிக்கையாளர்களின் விவரங்கள் 2024-ல் டெலிகிராம் சாட்பாட்களில் உலா வந்தது ஊரறிந்த செய்தி. “என் நாமினி பேரைக்கூடச் சொன்னாரே, அப்புறம் எப்படிங்க அது பொய்யா இருக்கும்?” என்று பிறகு புலம்புகிறவர்களுக்காகத்தான் அந்தக் கடைசிக் கட்டத்தை இவர்கள் காசு கொடுத்து வாங்குகிறார்கள்.

அதிலும் தனியாக வட்டம் போட்ட பெயர்களைக் கவனியுங்கள். எல்லாம் பாதியில் நின்றுபோன பாலிசிகள். பேங்குக்கு எஃப்.டி. போடப் போய், கையில் இன்சூரன்ஸ் பாலிசியோடு திரும்பியவர்கள். இரண்டு வருஷம் கட்டிவிட்டு, விஷயம் புரிந்து நிறுத்தியவர்கள். அதாவது, ஏற்கெனவே ஒருமுறை ஏமாந்து, அந்த எரிச்சலை இன்னும் அடிவயிற்றில் வைத்திருப்பவர்கள். இந்த நாடகத்தின் சூட்சுமமே இதுதான். பேராசைக்காரர்களைவிட மனக்குறை உள்ளவர்களைத்தான் இவர்கள் அதிகம் தேடுகிறார்கள். பேராசைக்காரரிடம் கதை சொல்ல வேண்டியிருக்கும். மனக்குறைக்காரர் கதையை அவரே சொல்லிவிடுவார்!

இதோ மணி அடித்துவிட்டது, முதல் காட்சி. ஆட்கள் கற்பனை, வசனம் வழக்கமாக ஓடுவதுதான்.

“வணக்கம் சார், ஹைதராபாத் ஐ.ஆர்.டி.ஏ. ஹெட் ஆபீஸ்லேருந்து பேசறேன். 2018-ல ஒரு பாலிசி எடுத்து, ரெண்டு பிரீமியம் கட்டிட்டு விட்டுட்டீங்க. சரிங்களா?”

“ஆமாங்க...”

“எஃப்.டி.ன்னு சொல்லித்தானே உங்க தலையில கட்டினாங்க?”

“அட ஆமாங்க! அந்த பேங்க்ல இருந்த பொண்ணு இருக்கே...”

“அதாங்க சார். உங்க பாலிசியில ஒரு ஏஜென்ட் கோடு ஓடிக்கிட்டிருக்கு. உங்க போனஸ் பூரா அந்த ஏஜென்ட்டுக்குப் போகுது. கோடை எடுத்துட்டா 4,80,000 ரூபா நேரா உங்க அக்கவுன்ட்டுக்கு வந்துடும்.”

அடடா, என்ன ஒரு வசனம்! விசில் அடிக்கலாம் போலிருக்கிறது. ஹைதராபாத் என்பது நிஜம், ஐ.ஆர்.டி.ஏ.ஐ. எனப்படும் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் தலைமையகம் அங்கேதான். 2018 நிஜம், இரண்டு பிரீமியம் நிஜம், எஃப்.டி. என்று சொல்லி விற்றதும் நிஜம். இத்தனை நிஜத்துக்கு நடுவே ஏஜென்ட் கோடு என்ற சரக்கு கமுக்கமாக உள்ளே நுழைந்துவிட்டது. ஏஜென்ட்டுக்குக் கமிஷன் தருவது கம்பெனி. உங்கள் போனஸ் அவருக்குப் போக வழியே கிடையாது. லாபத்தில் பங்கு தரும் பாலிசிகளுக்கு ஆயிரம் ரூபாய் காப்பீட்டுத் தொகைக்கு இவ்வளவு என்று கம்பெனி ஆண்டுதோறும் போனஸ் அறிவிக்கும். பாலிசி நடப்பில் இருந்தால் அது கணக்கில் ஏறி, முதிர்வின்போதோ இறப்பின்போதோ சேர்ந்து வரும். யாரோ ஒருவர் ஹைதராபாத்தில் உட்கார்ந்து ‘ரிலீஸ்’ செய்ய அது என்ன பொங்கல் படமா? ஆணையம் பாலிசி விற்பதில்லை, போனஸ் அறிவிப்பதில்லை, பிரீமியத்தை முதலீடு செய்வதுமில்லை. இன்சூரன்ஸ் விளம்பரங்களின் அடியில் பொடி எழுத்தில் இதைத்தான் அச்சடித்திருப்பார்கள். யார்தான் படிக்கிறோம்!

இரண்டாம் காட்சிக்கு வில்லன் சிரித்துக்கொண்டே வருவார். “ஒரு சின்ன ஃபார்மாலிட்டி சார்.” ஃபைல் சார்ஜ், என்.ஓ.சி. கட்டணம், முத்திரைக் கட்டணம், டி.டி.எஸ்., ஜி.எஸ்.டி. என்று ஒவ்வொன்றாக வெளியே வரும். வர வேண்டிய பணத்துக்கு டி.டி.எஸ். பிடிக்க வேண்டியிருந்தால் அதிலிருந்தே பிடித்துக்கொண்டு மீதியைத் தருவார்கள். முன்னதாக உங்களிடம் கேட்டு வாங்குகிற பழக்கம் எந்த நாட்டிலும் இருக்காது. ஜி.எஸ்.டி. கதை இன்னும் தமாஷ். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் ஆயுள், மருத்துவக் காப்பீட்டு பிரீமியத்துக்கு ஜி.எஸ்.டி.யே கிடையாது. வசனத் தாளைத் திருத்தாத குழுக்கள் இன்னும் ‘18 சதவீதம்’ கேட்டால், சிரித்துவிட்டு போனை வைத்துவிடலாம்.

சாமர்த்தியமான குழுக்கள் இப்படிக் கட்டணம் கேட்டு மாட்டிக்கொள்வதில்லை. “செக்யூரிட்டிக்கு ஒரு புது பாலிசி போடுங்க சார், ரெண்டு மாசத்துல எல்லாம் சேர்ந்து வந்துடும்” என்பார்கள். வருவது அசல் கம்பெனியின் அசல் பாலிசி! கமிஷன் மட்டும் எந்த வழியிலோ இவர்கள் கைக்கு வந்து சேரும். இதற்கான ஒத்திகையைத்தான் நீங்கள் கேட்க வேண்டும்: “கம்பெனியிலேருந்து வெரிஃபிகேஷன் கால் வரும். எல்லாத்துக்கும் ஆமான்னு சொல்லுங்க. போனஸ் பேச்சையே எடுக்காதீங்க, எடுத்தா ஃபைல் ரிஜெக்ட் ஆயிடும்.” உங்களைக் காப்பாற்றுவதற்காக வருகிற அழைப்புக்கே உங்கள் வாயால் பொய் சொல்ல வைக்கிறார்கள். கொட்டகையிலேயே எனக்கு ரத்தம் கொதிக்கிற இடம் இது.

பிறகு சில நாள் செல்லம் கொஞ்சல். “பணம் பிராசஸ்ல இருக்கு”, “சனி, ஞாயிறு லீவு”, “மேடம் கையெழுத்துப் போடணும்”. ஏன் இந்த இழுவை? பாலிசி கைக்கு வந்ததிலிருந்து 30 நாள் ஃப்ரீ லுக் காலம். பிடிக்கவில்லை என்றால் அதற்குள் திருப்பிக் கொடுத்து, சிறு கழிவுகள் போக, கட்டிய பணத்தை வாங்கிவிடலாம். முப்பத்தோராம் நாள் விடிந்ததும் பாருங்கள், அந்த போன் ஸ்விட்ச் ஆஃப்.

அத்தோடு விட்டார்களா? வேஷம் மாறும். அடுத்த மேஜைக்காரர் ‘ஆம்புட்ஸ்மேன் ஆபீஸ்’ ஆவார், எதிர் மேஜை ‘ரிசர்வ் வங்கி’. “உங்களை ஏமாத்தின கும்பலைப் பிடிச்சுட்டோம், பணத்தை மீட்கக் கோர்ட் ஃபீஸ் கட்டணும்” என்று, பறித்த பணத்தைக் காட்டியே மறுபடி பறிப்பார்கள். நிஜ ஆம்புட்ஸ்மேன் எனப்படும் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர் யாரையும் அழைத்துப் பணம் கேட்பதில்லை. கம்பெனியிடம் முறையிட்டுத் தீர்வு கிடைக்காதவர்தான் எழுத்து மூலம் அவரிடம் போக வேண்டும். கட்டணம் கிடையாது. சென்னையிலேயே அலுவலகம் இருக்கிறது. 50 லட்சம் ரூபாய் வரையிலான வழக்கை விசாரிக்கும் அதிகாரம் உண்டு. உண்மையிலேயே பாலிசியை ஏமாற்றி விற்றார்கள் என்றால் போக வேண்டிய இடம் அதுதான்.

ஒப்பனைப் பெட்டியையும் ஒரு பார்வை பார்த்துவிடுவோம். ட்ரூகாலரில் ‘ஐ.ஆர்.டி.ஏ.’ என்று பெயர் மின்னுவது பவுடர் பூச்சு, யார் வேண்டுமானாலும் பூசிக்கொள்ளலாம். விளம்பர அழைப்புகளுக்கு 140 வரிசை, பேங்குகளும் இன்சூரன்ஸ் கம்பெனிகளும் சேவைக்காக அழைப்பதற்கு 1600 வரிசை என்று தனித்தனியாக ஒதுக்கியிருக்கிறார்கள். ‘தலைமை அலுவலகம்’ சாதாரண பத்து இலக்க மொபைலிலிருந்து கூப்பிட்டால் சந்தேகப்படுங்கள். (உங்கள் வீட்டுக் கல்யாணத்தில் மொய் எழுதிய எல்.ஐ.சி. ஏஜென்ட் இந்தக் கணக்கில் வரமாட்டார். அவர் சொந்த மொபைலில்தான் கூப்பிடுவார், குரலிலேயே தெரியும்.) வாட்ஸ்அப்பில் ஏ.பி.கே. ஃபைல் அனுப்பி “ஓப்பன் பண்ணுங்க” என்றாலும், உங்கள் போனைத் தூரத்திலிருந்தே இயக்க வைக்கும் எனிடெஸ்க் செயலியைப் போடச் சொன்னாலும் தொடவே தொடாதீர்கள். பணம் அனுப்பச் சொல்லும் கணக்கு கம்பெனி பெயரில் இல்லாமல் ஏதோ ஒரு தனி ஆள் பெயரில் இருக்கும். முதல் பிரீமியத்தில் பாதியைத் திருப்பித் தருகிறேன் என்று ஆசை காட்டினால், 1938-ம் ஆண்டு இன்சூரன்ஸ் சட்டத்தின் 41-வது பிரிவு அதைத் தடை செய்திருக்கிறது என்று சொல்லிப் பாருங்கள். எதிர்முனையில் விழும் மௌனத்துக்காகவே ஒருமுறை சொல்லலாம்.

இந்த நாடகம் முழுக்க ஒரே ஒரு விஷயத்தைத் தடுக்கத்தான் நடக்கிறது: நீங்கள் போனை வைத்துவிட்டு, உங்கள் பாலிசிப் பத்திரத்தில் அச்சிட்டிருக்கும் எண்ணுக்குக் கூப்பிட்டுவிடக் கூடாது. “லைன்லயே இருங்க சார்”, “யார்கிட்டயும் சொல்லாதீங்க”, “இன்னிக்குத்தான் கடைசி நாள்” என்ற வசனங்கள் எல்லாம் அதற்காகவே எழுதியவை.

ஆனால், இன்சூரன்ஸ் கம்பெனிகளிடம் யாரும் கேட்டு வாங்காமல் கிடக்கும் பணம் என்பது நிஜமாகவே உண்டு. ஒவ்வொரு கம்பெனியின் இணையதளத்திலும் பெயர், பிறந்த தேதி முதலியவற்றைக் கொடுத்துத் தேடிப் பார்க்கும் வசதி இருக்க வேண்டும் என்பது விதி. தேடுவதற்குக் காசு கிடையாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போதும்.

பணம் போய்விட்டால் ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930-க்குக் கூப்பிடுங்கள். பணம் போகவில்லை, அழைப்பு மட்டும் வந்தது என்றால் தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி இணையதளத்தின் ‘சக்ஷு’ பகுதியில் அந்த நம்பரைப் புகாராகப் பதியுங்கள். கம்பெனி மீதே குறை என்றால் ஆணையத்தின் 155255 இருக்கிறது. இந்த எண்களை இன்றைக்கே உங்கள் அப்பா, அம்மா போனில் பதிந்து கொடுங்கள். கொடுக்கும்போது, பாதியில் விட்ட பழைய பாலிசி ஏதாவது பீரோவில் கிடக்கிறதா என்றும் கேட்டு வையுங்கள்.