வாடகை வீட்டில் 'டி' பொத்தானை யார் அழுத்துவது?

புக்கிட் மெர்தாஜாம் – வாடகைக்கு வீடு பார்க்கப் போகிறவர்கள் தண்ணீர்க் குழாயைத் திறந்து பார்ப்பார்கள். கூரை ஒழுகிய கறை இருக்கிறதா, கார் நிறுத்த இடம் உண்டா, பள்ளிக்கூடம் எவ்வளவு தூரம் என்றெல்லாம் கேட்பார்கள். வாசல் கதவுக்கு மேலேயோ படிக்கட்டுக்கு அடியிலேயோ இருக்கும் மெயின் சுவிட்ச் பெட்டியின் மூடியைத் திறந்து பார்ப்பவர்கள் மிகக் குறைவு.

புக்கிட் மெர்தாஜாம் வட்டாரத்தில் அந்த மூடியைத் திறக்க வேண்டிய காரணம் இருக்கிறது. புக்கிட் மின்யாக், பிறை தொழிற்பேட்டைகளில் வேலை செய்பவர்களை நம்பி அல்மா, ஜூரு பக்கத்துத் தாமான்களில் பழைய வரிசை வீடுகள் அறை அறையாக வாடகைக்குப் போகின்றன. ஒரு குடும்பத்தை நினைத்து வயரிங் செய்த வீட்டில் இன்று அறைக்கு ஒரு ஏர்கோன், ஆளுக்கொரு ரைஸ் குக்கர், பின்னால் ஒரு சலவை இயந்திரம், பிறகு சேர்த்த வாட்டர் ஹீட்டர். சாமி மேடையில் இரவும் பகலும் எரியும் சிவப்பு விளக்குக்கு ஓர் எக்ஸ்டென்ஷன். அந்த எக்ஸ்டென்ஷனில் இருந்து இன்னோர் எக்ஸ்டென்ஷன்.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது? வரிசையாக நிற்கும் சிறிய சுவிட்சுகள் எம்.சி.பி. எனப்படுபவை. கம்பி தாங்கக்கூடிய அளவைவிட அதிக மின்சாரம் ஓடினால், கம்பி சூடாகித் தீப்பிடிப்பதற்கு முன் இவை விழும். இவை காப்பது கம்பியை. மனிதரைக் காப்பதற்கென்று இருப்பது பக்கத்தில் சற்றுப் பெரியதாக, 'டி' அல்லது 'டெஸ்ட்' என்று எழுதிய பொத்தானுடன் இருக்கும் கருவி. அதன் இன்றைய பெயர் ஆர்.சி.சி.பி. நம் ஊரில் பலரும் இன்னும் பழைய பெயரில் ஈ.எல்.சி.பி. என்றே சொல்கிறார்கள்.

அது செய்யும் வேலை ஒரு கணக்குப்பிள்ளையின் வேலை. லைவ் கம்பியில் போன மின்சாரம் முழுவதும் நியூட்ரல் கம்பியில் திரும்பி வருகிறதா என்று இடைவிடாமல் ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும். கணக்கு உதைத்தால், எங்கோ கசிந்து தரைக்குப் போகிறது என்று பொருள். அது ஒருவர் உடல் வழியாகவும் போய்க்கொண்டிருக்கலாம். உடனே, ஒரு விநாடியில் மூன்றில் ஒரு பங்கு நேரத்துக்குள், மின்சாரத்தை வெட்டிவிடும். லைவையும் நியூட்ரலையும் ஒருவர் இரண்டு கைகளால் ஒன்றாகப் பிடித்துத் தரையில் கசிவில்லாமல் நின்றால் மட்டும் அதற்குத் தெரியாது. அதன் கணக்கில் அவரும் ஒரு விளக்கைப் போலத்தான்.

எம்.சி.பி. மட்டும் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. மலேசிய வீடுகளுக்கு அது போதாது. இங்கே வீட்டின் எர்த் கம்பி, வீட்டுப் பக்கத்தில் மண்ணில் அடித்த ஒரு செம்புக் கம்பியில் போய் முடிகிறது. மின்சாரம் அந்த மண் வழியாகத்தான் திரும்ப வேண்டும். மண் நல்ல கடத்தி கிடையாது. பழைய கம்பி, காய்ந்த மண் என்று அந்தப் பாதையின் தடை 50 ஓம் ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். கிரைண்டரின் உள்ளே கம்பி தேய்ந்து அதன் இரும்பு உடம்பைத் தொட்டால், 230 வோல்ட்டில் ஓடக்கூடியது 4.6 ஆம்பியர்தான். 20 ஆம்பியர் எம்.சி.பி. அதைக் கண்டுகொள்ளாது. கிரைண்டர் சாதாரணமாக ஓடிக்கொண்டே இருக்கும், அதன் உடம்பில் மின்சாரத்தோடு. ஈரக் கையோடு மாவு வழிக்கப் போகிறவருக்கும் சாவுக்கும் நடுவில் நிற்பது ஆர்.சி.சி.பி. ஒன்றே.

அதிலும் எல்லா ஆர்.சி.சி.பி.யும் ஒன்றல்ல. கருவியின் முகப்பில் மில்லி ஆம்பியர் கணக்கில் ஓர் எண் இருக்கும். 100 என்றால் அத்தனை கசிந்த பிறகே அது விழுவது உறுதி. இதயத்தைத் தடுமாற வைக்க 30 மில்லி ஆம்பியருக்குச் சற்று மேலே போனாலே போதும். பிடித்த கையை விட முடியாமல் தசை இறுகுவது 10 மில்லி ஆம்பியர் அளவிலேயே தொடங்குகிறது. ஒப்பிட்டுப் பார்க்க, ஒரு 9 வாட் எல்.இ.டி. விளக்கு எடுப்பது சுமார் 40 மில்லி ஆம்பியர். எனவே வீடு முழுவதற்கும் ஒரே ஒரு 100 மில்லி ஆம்பியர் கருவி இருந்தால், அது ஒருவரைக் கொல்லப் போதுமான கசிவையும் விழாமல் விட்டுவிடக்கூடும்.

இதை அரசாங்கம் அறியாமல் இல்லை. 1994-ஆம் ஆண்டு மின்சார விதிமுறைகளின் 36-ஆவது விதி மூன்று அளவுகளைச் சொல்கிறது. கையில் பிடித்துப் பயன்படுத்தும் சாதனங்களுக்கான சாக்கெட்டுகள் உள்ள இடங்களுக்கு 30, தரை ஈரமாக இருக்கும் இடங்களுக்கு 10, மற்றவற்றுக்கு 100. குளியலறை வாட்டர் ஹீட்டருக்குத் தனியாக ஒரு 10 மில்லி ஆம்பியர் கருவி வேண்டும் என்பது இதிலிருந்து வருவது. வீடு பார்க்கும்போது பெட்டியில் அந்த '0.01A' என்ற எழுத்தைத் தேடுங்கள். ஹீட்டர் இருந்து அது இல்லையென்றால், வயரிங் தெரியாதவர் யாரோ பிறகு மாட்டிய ஹீட்டராக இருக்க வாய்ப்பு அதிகம்.

கருவி இருந்தும் பயனில்லாத வீடுகளும் உள்ளன. இடி மின்னல் மிகுந்த நாடு இது. மழைக்காலத்தில் மின்னல் வெட்டும்போது ஆர்.சி.சி.பி. காரணமின்றி விழுவதுண்டு. பண்டிகைக்கு ஊருக்குப் போய்த் திரும்பினால் குளிர்பெட்டியில் மீனும் கறியும் நாறிக் கிடக்கும். எரிச்சலில் 'தெரிந்த பையனை' கூப்பிட்டு கருவியைத் தாண்டி நேரடியாகக் கம்பி கொடுக்கச் சொல்கிறார்கள். வேலை அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். அன்றிலிருந்து அந்தப் பெட்டியில் இருப்பது வெறும் பொம்மை. அடுத்து வாடகைக்கு வருபவருக்கு அது தெரியவே தெரியாது.

அதைக் கண்டுபிடிக்கத்தான் அந்தப் பொத்தான். மின்சாரம் இருக்கும்போது அழுத்தினால் 'டக்' என்று விழுந்து விளக்குகள் அணைய வேண்டும். விழவில்லை என்றால் கருவி கெட்டுவிட்டது, அல்லது யாரோ தாண்டிவிட்டார்கள். மாதம் ஒரு முறை அழுத்த வேண்டும் என்பதே எரிசக்தி ஆணையமான சுருஹான்ஜாயா தெனாகாவின் அறிவுரை. பல ஆண்டுகள் அசையாமல் இருக்கும் கருவி உள்ளே இறுகிப்போகும் என்பதாலும் இது தேவை. ஆனால் பொத்தான் சோதிப்பது கருவியை மட்டும். எர்த் கம்பி மண்ணோடு ஒழுங்காகச் சேர்ந்திருக்கிறதா என்பதைச் சான்றிதழ் பெற்ற பெண்டாவாய் ஒருவர் அளவுக் கருவி வைத்துத்தான் சொல்ல முடியும்.

ஆர்.சி.சி.பி. அடிக்கடி விழுந்தால் எல்லா எம்.சி.பி.களையும் இறக்கிவிட்டு, ஆர்.சி.சி.பி.யை ஏற்றி, பிறகு ஒவ்வொன்றாக ஏற்றிப் பாருங்கள். எதை ஏற்றும்போது விழுகிறதோ, கசிவு அந்தப் பாதையில். அங்குள்ள பிளக்குகளைக் கழற்றிவிட்டு மறுபடி பார்த்தால், குற்றம் சாதனத்திலா சுவருக்குள்ளா என்று ஓரளவு தெரிந்துவிடும். அதற்கு மேல் திறந்து பார்ப்பது வீட்டில் இருப்பவர் வேலை இல்லை.

சரி, பெண்டாவாயைக் கூப்பிடும் செலவு யாருடையது? இங்கேதான் சிக்கல். புதிதாக வயரிங் செய்தால் அதை மேற்பார்த்தவர் 'போராங் ஜி'யும், சோதித்தவர் 'போராங் எச்'சும் கையெழுத்திட்டுத் தர வேண்டும். அதன் பிறகு அந்த வீடு பத்துப் பேர் கை மாறினாலும், வாடகைக்கு விடுமுன் மீண்டும் சோதிக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தும் வாடகை வீட்டுச் சட்டம் மலேசியாவில் இல்லை. வாடகைக் குடியிருப்புச் சட்டம் பற்றிப் பல ஆண்டுகளாகப் பேச்சு நடக்கிறது. இன்றைய நிலையில் ஒப்பந்தத்தில் எழுதியிருப்பதுதான் சட்டம்.

நம் மூன்று கால் பிளக் இங்கிலாந்திலிருந்து வந்தது. அங்கே 2020-இல் தனியார் வாடகை வீடுகளுக்கென்றே மின் பாதுகாப்பு விதிகள் வந்தன. ஐந்து ஆண்டுகளுக்குள் ஒரு முறையாவது தகுதி பெற்றவர் சோதிக்க வேண்டும். அறிக்கையின் நகல் 28 நாளில் குடியிருப்பவர் கைக்கு வர வேண்டும். ஆபத்தான பழுது இருந்தால் அதுவும் 28 நாளுக்குள், தேவையானால் அதற்கும் முன்பே, சரிசெய்யப்பட வேண்டும். தவறினால் 30,000 பவுண்டு வரை அபராதம் என்று அப்போது விதித்தார்கள். பிளக்கோடு சேர்ந்து இந்த விதி மட்டும் கப்பலேறவில்லை.

ஆகவே கையெழுத்துப் போடும் முன் கேட்பதுதான் வழி. 'உள்ளே வருமுன் பதிவு பெற்ற மின் குத்தகையாளர் சோதித்துத் தருவார், வயரிங்கும் ஆர்.சி.சி.பி.யும் பழுதானால் உரிமையாளர் செலவு' என்று இரண்டு வரி ஒப்பந்தத்தில் இருந்தால் பிறகு வாக்குவாதம் குறையும். அறை மட்டும் எடுப்பவர்களுக்குப் பல நேரம் எழுத்தே கிடையாது. குறைந்தது வாட்ஸ்அப்பிலாவது கேட்டு, பதிலையும் பெட்டியின் படத்தையும் வைத்துக்கொள்ளலாம். பழுதைச் சொல்லியும் உரிமையாளர் அசையவில்லையென்றால், ஜார்ஜ்டவுனில் உள்ள பினாங்கு பயனீட்டாளர் சங்கத்திடம் தமிழிலேயே பேசலாம்.

தோட்டத்து வீட்டில் இருப்பவர்களின் நிலை வேறு. நிர்வாகம் கொடுத்த வீட்டைப் பழுதில்லாமல் வைத்திருப்பது முதலாளியின் பொறுப்பு என்று 446-ஆவது சட்டமான 1990-ஆம் ஆண்டுத் தொழிலாளர் வீடமைப்பு, வசதிகள் குறைந்தபட்சத் தரச் சட்டம் சொல்கிறது. லயத்து வீட்டில் ஸ்விட்சைத் தொட்டால் 'சுரீர்' என்கிறது என்றால் கிராணியிடம் வாயால் சொன்னதோடு நிறுத்த வேண்டாம். எழுதிக் கொடுத்து நகலில் கையெழுத்து வாங்குங்கள். பதில் இல்லையென்றால் தொழிலாளர் இலாகாவுக்குப் போகலாம்.

மின்சாரம் போனால் தெனாகா நேஷனலின் 15454 எண்ணுக்குக் கூப்பிடுவது எல்லாருக்கும் தெரியும். அவர்கள் பொறுப்பு மீட்டரோடு முடிகிறது. மீட்டருக்கு இந்தப் பக்கம் உள்ள கம்பி, பெட்டி, ஹீட்டர் எல்லாம் வீட்டுக்காரருடையவை. அவர் ஆள் அனுப்பும் வரை, பொத்தானை அழுத்தியும் விழாத வீட்டில் வாட்டர் ஹீட்டர் சுவிட்சைப் போடாமல், அடுப்பில் தண்ணீர் காய வைத்துக் குளியுங்கள்.