டவர் நட்ட பிறகு வந்த கேள்வி

இந்தியாவில் ஓர் அனல்மின் நிலையம் கட்ட வேண்டுமென்றால், முதலில் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை தயாராக வேண்டும். அதன் சுருக்கம் உள்ளூர் மொழியில் ஊராருக்குக் கிடைக்க வேண்டும். பிறகு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் மாவட்ட நிர்வாகத்தோடு சேர்ந்து பந்தல் போட்டு, மைக் வைத்து, கருத்துக்கேட்புக் கூட்டம் நடத்த வேண்டும். அந்தக் கூட்டங்களில் குறைகள் ஆயிரம் இருக்கலாம். ஆனாலும் அங்கே எழுந்து நின்று கேள்வி கேட்க ஒருவருக்கு இடம் உண்டு. கேட்ட கேள்வி பதிவேட்டில் ஏறும்.

அதே மின்சாரத்தை நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் கொண்டுபோகும் 400 கிலோவோல்ட், 765 கிலோவோல்ட் பாதைக்கு இது எதுவும் தேவையில்லை. 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் பட்டியலில் மின்பாதை இல்லை. சூரிய மின்சக்திப் பூங்காவும் காற்றாலையும்கூட இல்லை. பாதை வனநிலத்தில் நுழைந்தால் வனத்துறையின் அனுமதி, சரணாலயத்தில் நுழைந்தால் வனவிலங்கு வாரியத்தின் அனுமதி, அவ்வளவுதான். இரண்டுக்கும் வெளியே உள்ள நிலத்தில், 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 164-ஆவது பிரிவின்படி அரசு ஓர் ஆணை பிறப்பித்தால், 1885-ஆம் ஆண்டுத் தந்திச் சட்டத்தின் அதிகாரம் மின்பாதை நிறுவனத்தின் கைக்கு வந்துவிடுகிறது. நிலத்துக்காரர் இழப்பீடு கேட்கலாம். வேண்டாம் என்று சொல்ல முடியாது. ராய்கர்–புகளூர் பாதைக்காகத் தோட்டத்தில் டவர் நட ஆள் வந்தபோது கொங்கு விவசாயிகள் முட்டிக்கொண்டது இந்தச் சட்டத்தோடுதான்.

பட்டா வைத்திருப்பவருக்கே நிலைமை இதுவென்றால், பட்டாவே இல்லாத பொதுநிலத்தின் சார்பில் யார் பேசுவது? ராஜஸ்தானின் ஜெய்சல்மேர் மாவட்டத்தில் கடந்த பல ஆண்டுகளாக நடப்பது இந்தக் கேள்வியின் கதை.

தார் பாலைவனம் என்றதும் மணல்மேடுகளும் சுற்றுலா ஒட்டகங்களும் நம் நினைவுக்கு வருகின்றன. உண்மையில் அதில் பரந்த புல்வெளிகளும் இருக்கின்றன. ஊருக்கு ஊர் அங்கே ‘ஓரண்’ என்ற பொதுநிலம் இருக்கிறது. ஏதோ ஒரு தெய்வத்தின் பெயரால் முன்னோர் விட்டுவைத்த நிலம் அது. நம் ஊர்க் கோயில்காடு பல ஆயிரம் ஏக்கருக்கு விரிந்து கிடந்தால் எப்படி இருக்கும், அப்படி. வன்னி, உகாய், இலந்தை என்று நமக்கும் தெரிந்த மரங்கள்தான். அவற்றின்மேல் யாரும் கோடாரி வைப்பதில்லை. ஒட்டகமும் செம்மறியும் மேயும். மழை பெய்தால் குட்டைகளில் தேங்கும் தண்ணீரைப் பல மாதம் மனிதரும் மாடும் பங்கிட்டுக்கொள்வார்கள். ஜெய்சல்மேரின் தேக்ராய் மாதா ஓரண் சுமார் 60,000 பீகா (வடநாட்டு நில அளவு) என்று ஊரார் கணக்கு சொல்கிறார்கள். வருவாய்த்துறைப் பதிவேட்டில் அதன் ஒரு பகுதிதான் ஓரண். மீதி அரசு நிலம், அதாவது யாருக்கு வேண்டுமானாலும் ஒதுக்கிக் கொடுக்கக்கூடிய நிலம். சூரிய மின்னிலையங்களுக்கு இடம் தேடியவர்களின் கண்ணில் முதலில் பட்டது இந்த வகை நிலம்தான். விலைக்கு வாங்க வேண்டியதில்லை, ஆயிரம் பட்டாதாரர்களோடு பேரம் பேச வேண்டியதில்லை. 2020 செப்டம்பரில் இந்த ஓரணில் ஓடும் மின்கம்பிக்கு அடியில் கானமயில் ஒன்று செத்துக் கிடந்தது.

கானமயிலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஏறத்தாழ ஒரு மீட்டர் உயரம். ஆண் பறவை 15 கிலோ வரை எடை இருக்கும். பறக்கும் பறவைகளில் உலகின் மிகக் கனமானவற்றுள் ஒன்று. தரையிலேயே முட்டையிடும், அதுவும் பெரும்பாலும் ஆண்டுக்கு ஒன்று. ஒருகாலத்தில் தமிழ்நாடு உட்பட 11 மாநிலங்களின் வறண்ட புல்வெளிகளில் திரிந்த பறவை இது. இன்று காட்டில் எஞ்சியிருப்பவை 150-க்கும் குறைவு என்பதே பொதுவான மதிப்பீடு. அவற்றில் மிகப் பெரும்பாலானவை ஜெய்சல்மேர் பக்கம்தான். குஜராத்தின் கட்ச்சில் சில பெண் பறவைகள் மட்டும் இருக்கின்றன.

இவ்வளவு பெரிய பறவைக்கு எதிரே இருக்கும் கம்பி தெரியாதா என்று பலர் கேட்கிறார்கள். தெரியாது. அதன் கண்கள் தலையின் இரு பக்கங்களிலும் அமைந்தவை. புல்வெளியில் எந்தப் பக்கத்திலிருந்து நரி வந்தாலும் கண்டுகொள்ள அது உதவும். ஆனால் நேர் எதிரே பார்வையின் அகலம் மிகக் குறைவு. இதே குடும்பத்தைச் சேர்ந்த ஆப்பிரிக்காவின் கோரி பஸ்டர்டை ஆராய்ந்த கிரஹாம் மார்ட்டினும் ஜெசிகா ஷாவும் 2010-இல் ஒரு முக்கியமான விஷயத்தைச் சொன்னார்கள். பறந்துகொண்டே கீழே பார்ப்பதற்காகத் தலையை 25 டிகிரி அளவு சாய்த்தாலே, போகும் திசை அந்தப் பறவைக்கு முழுக் குருடு. இதோடு கம்பியின் அமைப்பையும் சேர்த்துப் பாருங்கள். டவரின் உச்சியில், மின்னலைத் தாங்குவதற்காக, மற்றக் கம்பிகளைவிட மெல்லிய எர்த் வயர் ஓடுகிறது. கீழே உள்ள பருத்த கம்பிகளைக் கடைசி நேரத்தில் கண்டு மேலே எழும் பறவை, மேலே உள்ள மெல்லிய கம்பியில் அடிபடுகிறது. 15 கிலோ உடம்பைச் சட்டென்று திருப்ப அதனால் முடியாது. கழுத்து முறியும், இறக்கை ஒடியும்.

இந்திய வனவிலங்கு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் இந்தக் கம்பிகளுக்கு அடியில் திரும்பத் திரும்ப நடந்தார்கள். கிடைத்தது சில இடத்தில் முழு உடல், சில இடத்தில் எலும்பு, சில இடத்தில் நாலு இறகு. நாயும் நரியும் இழுத்துப்போனது எவ்வளவு, புல்லுக்குள் கண்ணில் படாமல் போனது எவ்வளவு என்றெல்லாம் திருத்தி அவர்கள் கணக்கிட்டார்கள். தார் பகுதியின் 4,200 சதுர கிலோமீட்டரில் மட்டும், எல்லா இனங்களும் சேர்த்து ஆண்டுக்குச் சுமார் 84,000 பறவைகள் கம்பியில் அடிபட்டுச் சாகின்றன. கானமயில்கள் 18 வரை சாகலாம். நூற்றைம்பதில் பதினெட்டு. ஆண்டுக்கு ஒரு முட்டை இடும் பறவை இந்த இழப்பை ஈடுகட்டவே முடியாது.

எனக்கு ஆற்றாமை வருவது இந்த இடத்தில்தான். இப்படி ஓர் ஆய்வு, பாதை காகிதத்தில் இருந்தபோதே நடந்திருக்க வேண்டியது. எந்த ஊர் எல்லையில் கானமயில் இரை தேடுகிறது, எந்த மாதம் எந்தப் பக்கம் நகர்கிறது என்பதை மேய்ச்சல்காரர்களிடம் கேட்டாலே பாதி படம் கிடைத்திருக்கும். கேட்கச் சொல்லிச் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. கம்பி இழுத்து, பறவைகள் செத்து, சடலங்களை எண்ணிய பிறகு வந்தது அந்த ஆய்வு.

சட்டம் செய்யாத வேலை உச்ச நீதிமன்றத்தின் தலையில் விழுந்தது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தை உருவாக்கியவர்களில் முக்கியமானவரான, ஓய்வுபெற்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி எம்.கே. ரஞ்சித்சிங் 2019-இல் வழக்குத் தொடுத்தார். 2021 ஏப்ரல் 19 அன்று தீர்ப்பு வந்தது. கானமயில் வாழும், வாழக்கூடிய ஏறத்தாழ 99,000 சதுர கிலோமீட்டர் பரப்பு அந்தத் தீர்ப்பின் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. முடிந்த இடங்களில் கம்பியை மண்ணுக்கு அடியில் கொண்டுபோக வேண்டும், உயரழுத்தப் பாதைகளில் எது சாத்தியம் என்பதை ஒரு குழு பார்க்கும், மற்ற இடங்களில் பறவைக்குக் கண்ணில் படும் தகடுகளைக் கம்பியில் மாட்ட வேண்டும் என்றது நீதிமன்றம்.

மத்திய அரசு மறுத்தது. அந்த மறுப்பில் உண்மையும் இருந்தது. மிக உயர் அழுத்த மாறுமின்சாரத்தை நெடுந்தூரம் கேபிளில் கொண்டுபோவது லேசான காரியமில்லை. கேபிள் தானே மின்னூட்டம் ஏறி இறங்கும் கொள்கலம்போல் நடந்துகொள்ளும்; தூரம் கூடக்கூட, கேபிளின் திறனில் பெரும்பகுதியை அந்த ஏற்ற இறக்கமே தின்றுவிடும். இணைப்புகள் அதிகம், செலவு பல மடங்கு. 2024 மார்ச் 21 அன்று தலைமை நீதிபதி சந்திரசூட் தலைமையிலான அமர்வு பழைய ஆணையைத் தளர்த்தி, நிபுணர் குழு ஒன்றை அமைத்தது. பருவநிலை மாற்றத்தின் கேடுகளிலிருந்து பாதுகாப்புப் பெறுவது அரசமைப்புச் சட்டம் தரும் உரிமை என்று அறிவித்ததும் அதே தீர்ப்புதான். 2025 டிசம்பரில் நீதிபதி பி.எஸ். நரசிம்மா அமர்வு அந்தக் குழுவின் பரிந்துரைகளை ஏற்றது. முன்னுரிமைப் பகுதி ராஜஸ்தானில் 14,013 சதுர கிலோமீட்டர், குஜராத்தில் 740. அதற்குள் புதிய காற்றாலை கூடாது, பெரிய சூரிய மின்னிலையம் கூடாது. பாதைகள் ஒதுக்கப்பட்ட தடத்தில்தான் போக வேண்டும்.

99,000 சதுர கிலோமீட்டருக்கும் ஒரே விதி என்ற 2021 தீர்ப்பு பெரிய வலை என்பதை நான் ஏற்கிறேன். கடைசியில் வந்திருக்கும் ஏற்பாடு அதைவிடச் சீரானது, செயல்படுத்தவும் முடியும். ஆனால் ‘இந்தத் தடத்தில் போ, இந்த நிலத்தை விட்டுவிடு’ என்று சொல்ல ஆறு ஆண்டு வழக்கும் மூன்று அமர்வுகளும் தேவைப்பட்டன. பாதைக்குத் தடம் பார்த்துக் கொடுப்பது நீதிபதிகளின் வேலையே இல்லை. திட்டமிடுகிறவர்கள் முதல் மாதத்தில் செய்திருக்க வேண்டிய வேலை அது.

முதல் மாதம் என்று நான் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. மின்பாதை எங்கே போகும் என்பது டவர் நடும் நாளில் முடிவாவதில்லை. பல சூரிய மின்னிலையங்களின் மின்சாரத்தை ஒரே இடத்தில் திரட்டி, அழுத்தத்தை உயர்த்தி, தேசிய மின்தொகுப்பில் ஏற்றும் பெரிய துணைமின் நிலையங்கள் இருக்கின்றன. ஃபதேகர், பட்லா எல்லாம் அப்படிப்பட்ட இடங்கள். அப்படி ஒரு நிலையம் எங்கே அமையும் என்று முடிவானதும், சுற்றுவட்டாரத்து ஒவ்வொரு சூரியப் பண்ணையிலிருந்தும் அதை நோக்கி ஒரு கம்பி வரத்தான் செய்யும். நடுவில் ஓரண் இருந்தால் ஓரணைத் தாண்டி வரும். அதற்குப் பிறகு எத்தனை கட்டுத் தடிமனில் ஆய்வறிக்கை எழுதினாலும், ஒரு டவரை ஐம்பது மீட்டர் நகர்த்தலாம், கம்பியில் தகடு மாட்டலாம். ஓரணைக் காப்பாற்ற முடியாது. ஆகவே ஆய்வு தொடங்க வேண்டிய இடம், துணைமின் நிலையத்துக்கு வரைபடத்தில் புள்ளி வைக்கும் அந்த மேசை. இன்று அங்கே மின்பொறியாளர்களும் மின்சந்தைக் கணக்குகளும் இருக்கின்றன. ஊரும் இல்லை, பறவையும் இல்லை.

நீதிமன்றம் அமைத்த குழுவிலேயே இந்தக் குறை இருந்தது. பறவை நிபுணர்கள் இருந்தார்கள், வனத்துறையினர் இருந்தார்கள், எரிசக்தித் துறையினர் இருந்தார்கள். ஓரணில் ஒட்டகம் மேய்ப்பவர் ஒருவர்கூட இல்லை. வழக்கு கானமயிலைக் காக்க வந்தது. பறவை இல்லாத, ஆனால் ஊரே நம்பி வாழும் மேய்ச்சல் நிலம் அந்த வரைபடத்துக்கு வெளியே நின்றுவிட்டது. முன்னுரிமைப் பகுதியில் மறுக்கப்படும் திட்டம் அடுத்த ஓரணுக்கு நகர்ந்தால், அதைத் தடுக்க அந்தத் தீர்ப்பில் எதுவும் இல்லை.

அந்த நிலங்களுக்குக் கதவு திறந்தது இன்னொரு வழக்கில். நீலகிரியின் கூடலூர்க் காடுகள் அழிவதைக் கண்டு கோதவர்மன் திருமுல்பாடு 1995-இல் தொடுத்த வழக்கு, 1996 டிசம்பரில் நாடு முழுவதற்கும் காடு எது என்பதை வரையறுத்தது. அதே வழக்கின் தொடர்ச்சியாக 2024 டிசம்பர் 18 அன்று உச்ச நீதிமன்றம் ராஜஸ்தானின் கோயில்காடுகளையும் ஓரண்களையும் அளந்து, வனமாக அறிவிக்கச் சொன்னது. கூடலூரில் தொடங்கிய ஒரு வழக்கு தார் மேய்ச்சல்காரருக்குத் துணையாக நிற்பதில் எனக்குப் பெரும் மகிழ்ச்சி. அளக்கும் வேலை முடிய வேண்டும். அளந்து முடிக்கும் வரை பதிவேட்டில் ஏறாத ஓரண் எதையும் யாருக்கும் ஒதுக்கக் கூடாது. அந்த இடைவெளியில்தான் நிலம் கைமாறும்.

‘அப்படியானால் சூரிய மின்சாரம் வேண்டாமா?’ என்று என்னிடம் நண்பர்கள் கேட்பதுண்டு. வேண்டும். 2030-க்குள் 500 கிகாவாட் புதைபடிவமற்ற மின்திறன் என்ற இலக்கு நிறைவேற வேண்டும் என்று மனதார விரும்புகிறவன் நான். நிலக்கரிச் சாம்பலில் வாழும் ஊர்களைப் பார்த்தவர் யாரும் வேறு மாதிரி விரும்ப முடியாது. 2,245 மெகாவாட் பட்லா பூங்காவின் மின்சாரம் எங்கோ ஒரு வீட்டின் மின்விசிறியைச் சுழற்றுவது நல்ல செய்திதான். ஆனால் தாருக்கு வெயில் பஞ்சம் இல்லை. புல் முளைக்காத, பறவை இறங்காத, தெய்வத்துக்கு விடாத நிலமும் அங்கே இருக்கிறது. எங்கே வைப்பது என்று தேடும் பொறுமைதான் தேவை. அந்தத் தேடலுக்கு ஓர் ஆண்டு கூடுதலாக ஆகட்டும். தேடாமல் விட்டதற்கு நீதிமன்றத்தில் போன ஆண்டுகள் அதைவிட அதிகம்.

2006 அறிவிக்கையில் ஒரு வரி சேர்க்க நாடாளுமன்றம்கூடத் தேவையில்லை; சுற்றுச்சூழல் அமைச்சகமே செய்யலாம். குறிப்பிட்ட அழுத்தத்துக்கு மேற்பட்ட எந்த மின்பாதைக்கும், குறைந்தது மூன்று மாற்றுத் தடங்களோடு மதிப்பீடு கட்டாயம். அரசு நிலமாக இருந்தாலும் அதைப் பயன்படுத்தும் ஊர்களில் கருத்துக்கேட்பு கட்டாயம். இதெல்லாம் டெண்டருக்கு முன்பு. இதைத்தான் கேட்கிறேன்.

ஜெய்சல்மேர் மாவட்டத்தின் சாம், ராம்தேவ்ரா இனப்பெருக்க மையங்களில் இப்போது அறுபதுக்கு மேற்பட்ட கானமயில்கள் வளர்கின்றன. செயற்கைக் கருவூட்டலில் முதல் குஞ்சு 2024 அக்டோபரில் பொரித்தது. அவற்றைத் திறந்துவிடுவதற்கு முன், மண்ணுக்கு அடியில் போக வேண்டிய கம்பிகள் போயாக வேண்டும். தடம் மாற வேண்டிய பாதைகள் மாறியாக வேண்டும். வேலை எந்த அளவில் இருக்கிறது என்று ராஜஸ்தான் அரசும் மத்திய மின்சார அமைச்சகமும் மாதந்தோறும் கணக்குச் சொல்லட்டும்.