தானாகச் சுற்றும் சுவிட்ச் பெட்டி

எங்கள் தோட்டத்துப் பிள்ளை ஒருத்தி களுவாஞ்சிக்குடியில் கணனி வேலைக்குச் சேர்ந்தாள். முதல் கிழமையே, அரைநாள் தட்டி முடித்த பெயர்ப்பட்டியலுக்குள் கண்ட கண்ட எழுத்தெல்லாம் விழுந்து கெட்டுப்போச்சாம். லீவில் வந்தவள், "என்னோட பிழையா ஐயா?" என்று கேட்டாள். மேசையில் இருந்த சின்னப் பெட்டியைப் பற்றி யாரும் அவளுக்கு விளங்கப்படுத்தவில்லை என்பதே எங்கள் எண்ணம்.

அதற்குக் கே.வி.எம். சுவிட்ச் என்று பெயர். நாலு கணனிக்கு ஒரே விசைப்பலகை, ஒரே திரை, ஒரே மவுஸ். திரையில் ஒன்றுதான் தெரியும். மற்ற மூன்றும் நின்றுபோவதில்லை, தம்பாட்டில் ஓடிக்கொண்டிருக்கும்.

இதைத் தானாகச் சுற்றவும் விடலாம். மலையில் கங்காணி ஐயா ஒரே நிரையில் நிற்காமல் நிரை நிரையாகப் பார்த்து வருவாரே, அதுபோல் பெட்டியும் ஒவ்வொரு கணனியையும் சில செக்கன் காட்டிவிட்டு அடுத்ததற்குத் தாவும். எத்தனை செக்கன் என்பதைப் பல பெட்டிகளில் நாமே மாற்றலாம். அச்சடிப்பு முடிந்ததா, எந்தக் கணனியாவது முடங்கிவிட்டதா என்று பார்க்க மட்டுமே இது நல்லது.

தட்டச்சுக்கு ஆகாது. சில பெட்டிகள் சுற்றும்போது விசைப்பலகையைப் பூட்டிவிடும். பூட்டாத பெட்டியில், திரையில் எந்தக் கணனியோ அதற்குள்தான் எழுத்து விழும். நம் பிள்ளை தாளைப் பார்த்தே தட்டியிருக்கிறாள். திரை மாறினதைக் காணவில்லை.

தட்டுமுன் சுற்றை நிறுத்தவும், நாலு திரைக்கும் நாலு நிறப் பின்னணி போடவும் சொல்லியனுப்பினோம்.