கரடுமுரடான பாதையில் ஒரு சிறு கருவி

1953ஆம் ஆண்டு, இரண்டாம் எலிசபெத் அரசியின் முடிசூட்டு விழாவையொட்டிக் கிழக்கு ஆப்பிரிக்காவில் ஒரு நெடுந்தூரக் கார்ப் பந்தயம் தொடங்கப்பட்டது. கென்யா, உகாண்டா, தங்கனீக்கா ஆகிய நாடுகளின் மண்சாலைகளில் நடைபெற்ற அப்பந்தயமே பின்னாளில் ‘சஃபாரி ராலி’ என்று புகழ்பெற்றது. குழிகளும் கற்களும் சேறும் நிறைந்த அப்பாதையில் 1963, 1968 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் ஏழே ஏழு கார்கள்தாம் பந்தயத்தை நிறைவு செய்தன. அங்கு வேகமாகச் செல்வதைவிட முழுமையாக வந்து சேர்வதே பெரிய சாதனையாகக் கருதப்பட்டது.

அக்காலக் கார்களுக்கென்றே 2003ஆம் ஆண்டு முதல் ‘கிழக்கு ஆப்பிரிக்க சஃபாரி கிளாசிக்’ என்னும் போட்டி நடத்தப்பட்டு வருகிறது. ஐம்பது ஆண்டுகளுக்கு முந்திய கார் ஒன்றை இத்தகைய பாதைக்கு ஆயத்தப்படுத்துவோர், இயந்திரத்தின் ஆற்றலைப் பற்றி மட்டும் எண்ணினால் போதாது. பட்டறைகளில் ‘அப்சார்பர்’ என்று அழைக்கப்படும் அதிர்வுத்தாங்கியைத் தேர்ந்தெடுப்பதிலும் மிகுந்த கவனம் செலுத்த வேண்டும்.

அதிர்வுத்தாங்கி என்ன செய்கிறது? சக்கரம் மேட்டில் ஏறும்போது, அதனுடன் இணைந்த சுருள்வில் அமுங்கி அதிர்ச்சியை ஏற்கிறது. ஆனால், அமுங்கிய வில் உடனே விரியும், மீண்டும் அமுங்கும். இந்த ஆட்டத்தைத் தடுக்காவிட்டால் கார் பந்தைப் போலத் துள்ளிக்கொண்டே இருக்கும். அதிர்வுத்தாங்கியின் குழாய்க்குள் எண்ணெய் நிரம்பியுள்ளது. சக்கரம் அசையும்போது, அதனுள் இருக்கும் பிஸ்டன் அந்த எண்ணெயைச் சிறு துளைகளின் வழியே நெருக்கித் தள்ளுகிறது. இதனால் அசைவின் ஆற்றல் வெப்பமாக மாறி, ஆட்டம் அடங்குகிறது.

இந்த வெப்பமே நெடுந்தூரப் பந்தயத்தில் சிக்கலை உண்டாக்குகிறது. வரிவரியாக மேடுபள்ளம் அமைந்த மண்சாலையில் பல மணி நேரம் ஓடினால், எண்ணெய் சூடேறி நீர்த்துப்போகும். அதில் காற்றுக்குமிழ்களும் கலக்கக்கூடும். அப்போது அதிர்வுத்தாங்கி தன் பிடியை இழக்கிறது. சக்கரங்கள் தரையை விட்டு எழும்புவதால், திருப்பும்போதும் நிறுத்தும்போதும் கார் ஓட்டுநரின் கட்டுப்பாட்டிற்குள் இருப்பதில்லை.

அதிர்வுத்தாங்கிகளில் இரு முக்கிய வகைகள் உள்ளன. முதலாவது இரட்டைக்குழாய் வகை. இதில் ஒரு குழாய்க்குள் மற்றொரு குழாய் இருக்கும். கல் பட்டு வெளிக்குழாய் சற்று நசுங்கினாலும் பிஸ்டன் தொடர்ந்து இயங்கும். விலையும் குறைவு. எனினும், இவ்வகை விரைவில் சூடேறிவிடும். இரண்டாவது ஒற்றைக்குழாய் வகை. 1950களில் ஜெர்மனியின் பில்ஸ்டைன் நிறுவனம் இதனை மெர்சிடிஸ் பென்ஸ் கார்களுக்காகத் தயாரித்தது. இதில் உயர் அழுத்தத்தில் அடைக்கப்பட்ட நைட்ரஜன் வாயு, எண்ணெயில் குமிழ்கள் தோன்றுவதைத் தடுக்கிறது. எண்ணெய் நிறைந்த குழாயின் மீது காற்று நேரடியாகப் படுவதால் வெப்பமும் விரைவில் தணிகிறது. ஆனால், அந்தக் குழாய் நசுங்கினால் பிஸ்டன் சிக்கிக்கொள்ளும். ஆகவே, இவ்வகையைப் பொருத்துவோர் கற்கள் தாக்காதவாறு உறுதியான காப்புத் தகட்டையும் பொருத்துவது நல்லது.

வகையைத் தேர்ந்தெடுத்த பின், இறுக்கத்தின் அளவை முடிவு செய்ய வேண்டும். பந்தயக் கார் என்பதால் இறுக்கம் மிகுந்ததே சிறந்தது என்று சிலர் எண்ணுகின்றனர். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு அன்றோ? வில் விரிவதை அதிர்வுத்தாங்கி மிகையாகத் தடுத்தால், ஒரு குழியிலிருந்து சக்கரம் முழுமையாகக் கீழிறங்குவதற்குள் அடுத்த குழி வந்துவிடும். கார் படிப்படியாகத் தாழ்ந்து, அடிப்பகுதி தரையில் மோதும். அமுங்குவதை மிகையாகத் தடுத்தாலோ, ஒவ்வோர் அடியும் காரின் உடற்பகுதிக்கே செல்லும். பழைய காரின் மெல்லிய தகடுகள் விரிசல் காணும்; பயணம் செய்வோரின் முதுகெலும்பும் துன்புறும். இதனால், அதிர்வுத்தாங்கி பொருத்தப்படும் இடங்களைக் கூடுதல் தகடுகளால் வலுப்படுத்துவது இன்றியமையாததாகும்.

மேலும், காரின் எடையையும் மறந்துவிடக்கூடாது. உதிரிச் சக்கரங்கள், கருவிகள், பெரிய எரிபொருள் கலன் ஆகியவை பின்புறச் சுமையைக் கூட்டுகின்றன. எனவே, வெறுங்காரை வைத்து அன்று. முழுச்சுமையுடன் மண்சாலையில் ஓட்டிப் பார்த்தே வில்லையும் அதிர்வுத்தாங்கியையும் பொருத்தமாக அமைக்க வேண்டும். பழங்கார்ப் போட்டிகளில் எத்தகைய பாகங்களைப் பயன்படுத்தலாம் என்பதற்கு விதிகள் உண்டு. அவ்விதிகளைப் படிக்காமல் விலையுயர்ந்த பாகத்தை வாங்கியவர், அதனைக் கழற்றி வைக்கவும் நேரிடலாம்.

1965ஆம் ஆண்டு சஃபாரி ராலியில் ஜோகிந்தர் சிங், ஜஸ்வந்த் சிங் என்னும் கென்யச் சகோதரர்கள் வெற்றி பெற்றனர். அவர்கள் ஓட்டிய வால்வோ பிவி544, ஏற்கெனவே பயன்படுத்தப்பட்ட கார்தான். புத்தம்புதிய கார் இல்லாதது அவர்களின் வெற்றிக்குத் தடையாகவில்லை. பாதையின் இயல்பை அறிந்து, அதற்கேற்பக் காரை ஆயத்தப்படுத்துபவருக்கே நெடும்பயணம் கைகூடும். கண்ணில் படாமல் சக்கரத்தின் அருகே ஒளிந்திருக்கும் அதிர்வுத்தாங்கி, அந்த ஆயத்தத்தின் தரத்தை ஒவ்வொரு குழியிலும் சோதித்துக் காட்டிவிடுகிறது.