மூச்சுக்குழாயில் படியும் கரி

மீஞ்சூரில் வாழ்வோர்க்குக் கரி புதிய பொருளன்று. அத்திப்பட்டிலுள்ள வடசென்னை அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகளை நாள்தோறும் காண்கிறோம். காமராசர் துறைமுகத்தை நோக்கிச் செல்லும் சரக்குப் பெட்டக லாரிகளின் பின்னே நின்று அவற்றின் புகையை உட்கொள்கிறோம். எனினும், நம் வீட்டு வாயிலில் நிற்கும் காரின் உள்ளேயும் கரி உறைந்து கிடப்பதைப் பலர் அறியார். அக்கரி எங்ஙனம் படிகிறது, அதனை வீட்டிலேயே எவ்வாறு அகற்றலாம், அகற்றாமல் சிலர் கைக்கொள்ளும் குறுக்குவழி ஏன் தவறானது என்பனவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

எஞ்சினின் மூச்சு

எஞ்சின் எரிபொருளால் மட்டும் இயங்குவதில்லை. அதற்குக் காற்றும் வேண்டும். வடிகட்டியின் வழியே வரும் காற்றை ஒவ்வொரு சிலிண்டருக்கும் பிரித்தளிக்கும் குழாய்த் தொகுதியைப் பணிமனைகளில் 'இன்டேக் மேனிபோல்டு' என்பர். உள்ளங்கையிலிருந்து விரல்கள் பிரிவது போல ஒரு குழாய் பலவாகக் கிளைக்கும் அமைப்பு அது.

தூய காற்று செல்லும் குழாயில் கரி எவ்வாறு வந்தது? விடை வியப்பளிப்பது. அக்கரியை வேண்டுமென்றே உள்ளே அனுப்புகிறோம்!

காற்றில் ஏறத்தாழ 78 விழுக்காடு நைட்ரஜன் உள்ளது. சிலிண்டரினுள் வெப்பம் மிகும்போது அது ஆக்சிஜனுடன் கூடி நைட்ரஜன் ஆக்சைடுகளாகிறது. இவை நுரையீரலை உறுத்துவன; ஆஸ்துமா நோயாளிகளை வாட்டுவன. இவற்றைக் குறைக்க வெளியேறும் புகையில் ஒரு பகுதியை மீண்டும் எஞ்சினுக்குள் செலுத்துகின்றனர். ஆக்சிஜன் குறைந்த அப்புகை கலப்பதால் எரிதலின் வெப்பம் தணிகிறது. நச்சு வளிமமும் குறைகிறது. இப்பணியைச் செய்வது 'இ.ஜி.ஆர். வால்வு'. சென்னையில் 2010 ஏப்ரலிலும் நாடெங்கும் 2017 ஏப்ரலிலும் நடைமுறைக்கு வந்த பாரத் ஸ்டேஜ் 4 வரம்புகளுக்கும், 2020 ஏப்ரலில் வந்த பாரத் ஸ்டேஜ் 6 வரம்புகளுக்கும் ஏற்ப அமைந்த டீசல் கார்கள் பலவற்றில் இவ்வால்வு உண்டு.

திரும்பி வரும் புகையில் கரித்துகள் இருக்கும். எஞ்சினின் அடிப்பகுதியிலிருந்து வரும் ஆயில் ஆவியும் அதே குழாயில் சேரும். இரண்டும் கலந்து தார்போல் ஒட்டுகின்றன. நாளடைவில் குழாயின் வாய் குறுகுகிறது. எஞ்சின் சூடேறும் முன்பே முடிந்துவிடும் சிறு பயணங்களும், நெரிசலில் நின்று நின்று ஊர்வதும் இப்படிவை மிகுவிக்கும். நம் பகுதிச் சாலைகளின் நிலையை நான் விரித்துரைக்க வேண்டுவதில்லை.

அறிகுறிகள்

இழுவை குறைதல், கரும்புகை, மைலேஜ் வீழ்ச்சி, நிற்கும்போது எஞ்சின் சீரின்றித் துடித்தல் ஆகியன அறிகுறிகள். ஆனால் காற்று வடிகட்டி அடைத்திருந்தாலும், டர்போவின் குழாயில் கீறல் இருந்தாலும் இவையே தோன்றும். ஆகவே எளியவற்றை முதலில் ஆராய்ந்து, பின்னரே மேனிபோல்டைக் கழற்ற வேண்டும்.

தூய்மை செய்யும் முறை

எஞ்சின் முற்றும் குளிர்ந்த பின், காற்றோட்டமுள்ள சமதரையில் காரை நிறுத்துக. பேட்டரியின் எதிர்முனையைக் கழற்றுக. குழாய்கள், சென்சார் இணைப்புகள் இருக்கும் நிலையைப் படமெடுத்துக் கொள்க. போல்ட்டுகளைக் கழற்றிய வரிசைப்படி ஓர் அட்டையில் குத்தி வைத்தால் பின்னர்த் தடுமாற்றம் நேராது. மேனிபோல்டை எடுக்க உயரழுத்த டீசல் குழாயையும் அவிழ்க்க வேண்டிய அமைப்பாயின், அவ்வேலையைத் தேர்ந்த மெக்கானிக்கிடம் விடுவதே அறிவுடைமை.

மேனிபோல்டை எடுத்தவுடன் எஞ்சினின் திறந்த வாய்களைத் தூய துணியால் அடைத்துவிடுக. உள்ளே விழும் ஒரு கரிக்கட்டி வால்வைக் கெடுக்கப் போதும். தடித்த படிவை மர அல்லது பிளாஸ்டிக் தகட்டால் சுரண்டி, எஞ்சியதை டீசலில் ஊறவைத்துத் தூரிகையால் தேய்க்கலாம். பெட்ரோல் கூடாது, அதன் ஆவி எளிதில் தீப்பற்றும். காஸ்டிக் சோடாவும் கூடாது. அது அலுமினியத்தையே அரித்துவிடும். மேனிபோல்டு பிளாஸ்டிக்கால் ஆனதெனில் கடும் கரைப்பான்களையும் வெப்பத்தையும் தவிர்க்க. சென்சார்களை ஊறவைக்கலாகாது.

கையுறையும் முகமூடியும் இன்றியமையாதன. டீசல் புகை மனிதர்க்குப் புற்றுநோய் விளைவிப்பது என உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012-இல் வகைப்படுத்தியதை நினைவிற்கொள்க.

கழுவிய பின் ஒரு துளி ஈரமும் இராமல் உலர்த்துக. திரவம் அழுத்தத்திற்கு இசையாது. சிலிண்டரில் மிகுதியாகப் புகுந்தால் கனெக்டிங் ராடே வளைந்துவிடும். வாய்களில் அடைத்த துணிகளை எண்ணிப் பார்த்து எடுத்துவிட்டு, புதிய கேஸ்கெட் இட்டு, தயாரிப்பாளர் குறித்த அளவிலும் வரிசையிலும் போல்ட்டுகளை முடுக்குக.

குறுக்குவழி

என் பழைய டீசல் காரின் இழுவை குறைந்தபோது ஒரு பணிமனைக்குச் சென்றேன். "இ.ஜி.ஆருக்குத் தகடு வச்சு அடைச்சிடலாம் சார். அப்புறம் கரியே பிடிக்காது" என்றார் அங்கிருந்தவர். அவர் கூறியதில் உண்மையும் இருந்தது. அடைத்துவிட்டால் கரிப்படிவு பெரிதும் குறையும், கரும்புகையும் குறையும். புகைச் சான்றிதழும் தடையின்றிக் கிடைக்கும். ஏனெனில் டீசல் கார்களுக்கு அச்சோதனை புகையின் அடர்த்தியையே அளக்கிறது, நைட்ரஜன் ஆக்சைடுகளை அளப்பதில்லை. கண்ணுக்குத் தெரியும் அழுக்கு குறைந்து, கண்ணுக்குத் தெரியாத நஞ்சு பெருகுகிறது. எஞ்சினில் வெப்பமும் மிகுகிறது. வாகனத்தின் அமைப்பை அனுமதியின்றி மாற்றுவதை 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவும் தடுக்கிறது.

அடைக்காமல் துடைத்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் சென்றது. கையுறையையும் மீறி நகக்கண்களில் ஏறிய கறுப்பு போக ஒரு வாரமாயிற்று. கார் பழையபடி இழுத்தது.

கழிவு எங்கே?

வேலை முடிந்ததும் எஞ்சிய கரிய டீசலைச் சாக்கடையில் ஊற்றுவது நம் வழக்கம். அச்சாக்கடை மழைநீரோடு சேரும் இடம் கொசத்தலை ஆறும் எண்ணூர் முகத்துவாரமும் ஆகும். 2017 சனவரியில் எண்ணூர்க் கடலில் இரு கப்பல்கள் மோதிப் பரவிய எண்ணெயையும், 2023 திசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு முகத்துவாரத்தில் கலந்த எண்ணெயையும் மீனவர்கள் வாளிகளால் அள்ளியதை நாம் மறக்கவில்லை. நம் வீட்டுக் கழிவு அவற்றோடு ஒப்பிடச் சிறிது. ஆயினும் சேருமிடம் ஒன்றே. அதனை மூடியிட்ட கேனில் சேர்த்து, கழிவு ஆயில் பெறும் உரிமம் உடையோரிடம் ஒப்படைக்க வேண்டும்.

மாணவ நண்பர்களே! எஞ்சினின் மூச்சுக்குழாயில் படியும் அக்கரி, நம் பிள்ளைகளின் மூச்சைக் காக்கும் முயற்சியால் படிவது. அதனைச் சில ஆண்டுகளுக்கொருமுறை துடைத்தெடுக்கும் உழைப்பு நம்முடையது. வேண்டாமென்று வழியை அடைத்துவிட்டால், மிகும் நஞ்சைச் சுமப்பது சாலையோரத்தில் பேருந்துக்காக நிற்கும் குழந்தை. எந்தச் சான்றிதழும் கேளாத இடத்திலும் நேர்மையாக நடப்பதே கற்றவர்க்கு அழகாகும்.